கண்டி நகரத் துப்புரவும் பொது நியமங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்டி மாநகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரண்மனையிலும் தலதா மாளிகையிலும் தொடங்கி, 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு ஒரு பகுதியை முடித்து, கோப்பி, தேயிலை, புகையிரதப் பாதை என்பவற்றினூடாக இக்காலத்துக்கு வந்து சேர்வர். அந்நகரில் நாடோறும் சேர்ந்த மலமும் குப்பையும் கழுநீரும் எங்கே சென்றன, அவற்றை அகற்றியவர் யாவர், எந்த அளவுகோலைக் கொண்டு நகரம் சுத்தமாயிருக்கின்றது என்று ஆட்சியாளர் தீர்மானித்தனர் என்பன போன்ற வினாக்கள் சுகாதாரப் பரிசோதகரின் குறிப்பேட்டுக்கு உரியனவேயன்றி வரலாற்றாசிரியரின் ஏட்டுக்கு உரியனவல்ல என்ற எண்ணம் எம்மிடையே நிலவிவந்துள்ளது. ஆயின் ஓர் அரசு தன் குடிகளுள் யாரை நகரத்தவராகக் கணித்தது, யாரைக் கணிக்கவில்லை என்பதை அறிவதற்கு நிலவரிப் பதிவேட்டைக் காட்டிலும் துப்புரவுச் சட்டங்கள் சில சந்தர்ப்பங்களிற் கூடுதலாக உதவுகின்றன. அந்நோக்கில் கண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் முயற்சியாகும்.

கழிவகற்றல் பற்றிய அறிவு மேனாட்டார் கொண்டுவந்து தந்த ஒன்று எனக் கொள்வதற்கில்லை. அநுராதபுரத்தின் மேற்குப் பகுதியிலுள்ள துறவி மடங்களில் அழகுறச் செதுக்கப்பட்ட சிறுநீர்க் கற்கள் கிடைத்துள்ளன. அவற்றின் கீழே மணலும் கரியும் இட்ட பானைகளை வைத்து நீரை வடியச்செய்த ஏற்பாடும் தொல்லியலாளர் அறிந்ததே. நிலத்தின் கீழே செல்லும் நீர்வழியைச் சுட்டும் 'சுருங்கை' என்னும் சொல் மணிமேகலையிற் பயின்று வருகின்றது. ஆயினும் இவை மடத்துக்கும் மாடமாளிகைக்கும் உரிய ஏற்பாடுகள். ஊரார் அனைவருக்கும் பொதுவான ஓர் அளவு விதிக்கப்பட்டது என்பதற்கு இவற்றைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. பழம்பெருமை பேசும் ஆர்வத்தில் இவ்வேறுபாட்டை நம்மவர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

கண்டியின் நிலவமைப்பை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில் நகரம் அமைந்துள்ளது. கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் அரண்மனை முன்றிலிருந்த வயல்நிலத்தை அணைகட்டி ஏரியாக்கினான். அவ்வேரியின் மிகைநீரை ஏந்திச் செல்வது 'மெத எல' எனப்படும் நடு வாய்க்கால். நகரின் ஊடே மேற்கு நோக்கிச் சென்று கெட்டம்பேயில் மகாவலி கங்கையிற் கலக்கும் இவ்வாய்க்காலே, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக, யாரும் அவ்வாறு பெயரிடாமலே, கண்டியின் பிரதான கழிவுநீர்க் கானாக விளங்கிவந்துள்ளது. மலைச்சரிவில் எங்கே நீர் ஊற்றினாலும் அது இறங்கி வந்து சேரும் இடம் இதுதான். மன்னன் காலத்துச் சிற்றூருக்கு இது ஒரு பொருட்டாக இருந்திராது. கோப்பிப் பெருந்தோட்டங்கள் பரவி, 1867இல் புகையிரதம் கண்டியை வந்தடைந்து, கடைவீதிகளும் இராணுவ முகாம்களும் சிறைச்சாலையும் எழுந்தபோது நிலைமை மாறியது.

இதே காலப்பகுதியில் இங்கிலாந்தில் நடந்தவற்றை இங்கு சுருக்கமாகக் குறிப்பிடுதல் தகும். எட்வின் சட்விக் தொழிலாளர் குடியிருப்புக்களின் சுகாதார நிலை பற்றிய தமது அறிக்கையை 1842இல் வெளியிட்டார். 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பாராளுமன்றத்தின் உள்ளேயே புகுந்த பின்னர்தான் இலண்டனுக்குப் பெருங் கழிவுநீர்க் குழாய்கள் வாய்த்தன. நாற்றம் ஆட்சியாளரின் மூக்கை எட்டும் வரை நியமம் பிறப்பதில்லை என்று சொல்லத் தோன்றுகின்றது.

குடியேற்ற நாட்டுக்கு வந்து சேர்ந்தது குழாய் அன்று, சட்டம். 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம் அசுத்தமான வீடு, வளவு, கான், மலக்குழி முதலியவற்றை வைத்திருப்போருக்குத் தண்டம் விதித்தது. 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகளைத் தோற்றுவித்தது. வரி அறவிடவும் வீதிகளைப் பேணவும் குப்பையை அகற்றவும் அச்சபைகள் அதிகாரம் பெற்றன. இலங்கையின் உள்ளூராட்சி வரலாற்றில் இது ஒரு முக்கிய கட்டம் என்பதில் ஐயமில்லை.

இச்சட்டங்கள் விதித்த நியமத்தின் தன்மை யாது? 'தொல்லை' என்ற கருத்தே அதன் அச்சாணி. தொல்லை என்பது யாரோ ஒருவருக்குத் தொல்லையாக இருத்தல் வேண்டும். குழி எத்தனை அடி ஆழமாயிருத்தல் வேண்டும், கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளியிருத்தல் வேண்டும் என்பன போன்ற அளவுகள் பின்னரே வந்தன. தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதும் மூக்குக்கு எட்டுவதுமே அளவுகோல். சபைக்கு வாக்களிக்கும் உரிமை சொத்துத் தகைமையைப் பொறுத்தது. எனவே வரியிறுப்போர் குடியிருந்த வீதியில் நாற்றம் எழுந்தால் அது தொல்லை. வாய்க்காலின் கீழ்க்கோடியில், ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தவரின் வாசலில் அது தேங்கினால், முறையிடுவதற்கு அவருக்கு வாயில்லை. இதனை அக்காலத்து அதிகாரிகளின் தீய எண்ணத்தின் விளைவாகக் கொள்வது எளிது. சட்டத்தின் கட்டமைப்பே அவ்வாறுதான் இருந்தது என்பதே சரியான விளக்கம் என நாம் கருதுகின்றோம்.

அடுத்து நோக்கத்தக்கது எல்லைகளின் பெருக்கம். மாநகர சபை இல்லாத நகரங்களுக்கென 1876ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் சுகாதாரத்துக்கும் அபிவிருத்திக்குமான உள்ளூர்ச் சபைகளை ஏற்படுத்தியது. அவற்றினும் சிறிய ஊர்களுக்கு 1892ஆம் ஆண்டின் சிறு நகரச் சுகாதாரச் சட்டம் சுகாதாரச் சபைகளை வகுத்தது. தோட்டங்கள் துரைமாரின் பொறுப்பு. கிராமங்கள் வேறொரு நிருவாகத்தின் பொறுப்பு. ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒரே ஆற்றின் வடிநிலத்தில், ஒரே மழையில் நனைந்து, ஒரே நீரைக் குடித்த மக்களுக்கு ஐந்து விதமான துப்புரவு ஆட்சிகள் நிலவின. மலைநாட்டின் மேற்சரிவில் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து இறங்கும் ஓடை ஒரு கிராமத்தைக் கடந்து, ஒரு சிறு நகரத்தைக் கடந்து, மாநகரை அடையும்போது நான்கு சட்டங்களைத் தாண்டியிருக்கும். நீருக்கு அச்சட்டங்கள் தெரியா.

தோட்டங்களின் நிலையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கண்டிச் சீமைக்கு நடந்து வந்த தொழிலாளரோடு வாந்திபேதியும் வந்தது. ஆள் தேவை, ஆயின் ஆளோடு வரும் நோய் வேண்டாம். இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் பொருட்டே தடுப்பு முகாம்களும் மருத்துவப் பரிசோதனைகளும் எழுந்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட லயத்து அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தில் மலசலகூடம் என்ற ஒன்று நெடுங்காலம் இருக்கவில்லை. தேயிலைப் புதரே மறைவிடம். கொக்கிப்புழு நோய் அங்கே வேரூன்றியது. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமண்ணிற் பொரித்து, புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்சென்று, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். வெறுங்காலோடு கொழுந்து பறிப்போர் சோகை பிடித்து மெலிந்தனர்.

1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மருந்து கொடுப்பது எளிதாயிற்று. மலசலகூடம் கட்டுவது எளிதாகவில்லை. அதற்குத் தோட்ட முதலாளிமார் பணம் செலவிட வேண்டியிருந்தது. மருந்து உண்டவர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து மீண்டும் நோயுற்றார். இத்தனை தொழிலாளருக்கு ஒரு மலசலகூடம் என்ற எண்ணிக்கை விகிதம் நிருவாகப் பேச்சில் இடம்பெறத் தொடங்கியது இவ்வியக்கத்தின் பயன்களுள் ஒன்று. கண்டிச் சுற்றுப்புறத்தில் தொல்லை என்ற மங்கலான கருத்தை விடுத்து, எண்ணி அளக்கத்தக்க ஒரு நியமத்தை நோக்கிச் சென்ற முதல் முயற்சிகளுள் ஒன்று நகரத்திலன்றித் தோட்டத்தில் நிகழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. அதற்கு உந்துதலாக அமைந்தது தொழிலாளியின் நலன் மட்டுமன்று; சோகை பிடித்த உடல் குறைந்த கொழுந்தையே பறித்தது என்ற கணக்கும் ஆகும்.

நகரங்களைப் பொறுத்தவரை 1914இல் கொழும்பிற் கொள்ளைநோய் தோன்றியமை பெரும் அச்சத்தை விளைத்தது. தானியக் களஞ்சியங்களும் எலிகளும் நெருக்கமான வீடுகளும் ஆட்சியாளரின் கண்ணிற் பட்டன. அடுத்த ஆண்டில் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. வீதியின் அகலம், அறைக்குள் வரவேண்டிய வெளிச்சம், காற்று ஆகியவை பற்றிய அளவுகள் சட்டத்தினுள் நுழைந்தன. கொழும்புக்கு அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்கள் அமைக்கப்படலாயின. கண்டிக்கு அவ்வசதி வருவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது.

அந்த ஒரு நூற்றாண்டு காலம் நகரம் எவ்வாறு இயங்கியது? குழாயின் இடத்தில் மனிதர் இருந்தனர் என்பதே விடை. இதுவே எமது ஆய்வின் மையமான பகுதியாகும்.

கண்டியரசின் இராசகாரிய முறையில் பல்வேறு ஊழியங்கள் சாதி அடிப்படையிற் பகிரப்பட்டிருந்தன. கோல்புறூக் குழுவின் பரிந்துரைகளை அடுத்து 1830களின் தொடக்கத்தில் அம்முறை ஒழிக்கப்பட்டபின், கூலிக்கு ஆள் அமர்த்தியே பொதுவேலைகளைச் செய்விக்க வேண்டியதாயிற்று. தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த அதே கடல்வழியும் தரைவழியும் மாநகர சபைக்கும் உதவின. வீதி கூட்டவும் கான் தோண்டவும் மலம் அள்ளவும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். இவர்களுட் பலர் இன்று அருந்ததியர் என்று அழைக்கப்படும் சாதியைச் சேர்ந்தோர். தமிழகத்தில் இச்சாதியாருட் பெருந்தொகையினர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். கண்டி நகரின் வடபால், மாநகரின் மயானமும் அமைந்துள்ள மஹியாவப் பகுதியில் இவர்களுக்கென மாநகர சபைக் குடியிருப்பு உருவாயிற்று. தோட்டத்து லயத்தின் சாயலை நகரத்தினுள் காண விரும்புவோர் அக்குடியிருப்பின் வரலாற்றை ஆராய்தல் வேண்டும்.

இலங்கையின் நகரங்களில் வாளி மலசலகூடங்கள் நிலவிய காலத்தை நினைவிற் கொண்டோர் நம்முள் இன்னும் உளர். வீட்டின் பின்புறத்தில், ஒடுங்கிய சந்தின் வழியாகத் திறக்கத்தக்க சிறு கதவு, அதனுள்ளே வாளி, விடியுமுன் வந்து அதனை எடுத்துச் செல்லும் ஒருவர். அச்சந்தும் அச்சிறு கதவும் தற்செயலாய் அமைந்தவையல்ல. மலம் அள்ளுபவர் முன்வாசலால் வரலாகாது என்பது வீட்டின் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தகழி சிவசங்கரப்பிள்ளை ஆலப்புழை நகரத்துத் தோட்டிகளைப் பற்றி எழுதிய நாவலைச் சுந்தர ராமசாமி 'தோட்டியின் மகன்' எனத் தமிழாக்கித் தந்தார். நகரசபை நிருவாகமும் சாதியும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முறையை அந்நாவல் காட்டியதைப் போல நமது ஆய்வேடுகள் காட்டவில்லை என்பது வெட்கத்துக்குரியது. தந்தையின் வேலை மகனுக்கு என்ற ஏற்பாடு சட்டத்தில் எழுதப்படவில்லை. சபைக் குடியிருப்பில் தொடர்ந்து இருக்க வேண்டுமாயின் குடும்பத்தில் ஒருவராவது சபையில் வேலைசெய்தல் வேண்டும் என்ற நிலை ஏற்படுமிடத்து, எழுதப்படாத சட்டம் எழுதப்பட்டதைக் காட்டிலும் வலியதாகிவிடுகின்றது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய கதை நன்கு அறியப்பட்டது. இந்திய வம்சாவளியினரான நகரத் துப்புரவுத் தொழிலாளரையும் அச்சட்டம் தீண்டியது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றி 1974இல் முடிவாயிற்று. 1988இலும் 2003இலும் நிறைவேறிய சட்டங்களின் பின்னரே நாடற்றோர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. இதன் பொருளை எண்ணிப் பார்க்கவேண்டும். நகரின் சுகாதாரம் எவர் கையிலே தங்கியிருந்ததோ அவருட் பலர் அந்நகரின் குடிமகன் அல்லர். சபைக்கு வாக்களிக்க முடியாதவர். நியமத்தை விதிப்போரைத் தெரிவுசெய்யும் உரிமை அற்றவர்.

சட்டத்தின் கதைக்கு மீள்வோம். 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் படிப்போர் ஒரு வியப்பை அடைவர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளியில் இயற்றப்பட்ட இவற்றில் கழிவகற்றல் பற்றிய பிரிவுகள் பெரும்பாலும் ஒரே வாசகத்தில் அமைந்துள்ளன. வீதிகளைக் கூட்டித் துப்புரவாக்குதல் சபையின் கடமை. சேர்க்கப்பட்ட குப்பை அனைத்தும் சபையின் சொத்து. அதனை அகற்றுவதற்கு ஏற்ற இடங்களைச் சபை தேடிக்கொள்ளல் வேண்டும். சொல்லளவில் இங்கே ஒரு பொதுமை உண்டு. ஆயின் அகற்றுதல் என்றால் யாது, எந்த நிலம் ஏற்ற இடம், அதிலிருந்து வடியும் நீரை என் செய்வது என்ற வினாக்களுக்கு இம்மூன்று சட்டங்களிலும் அளவு எதுவும் இல்லை. கடமை உண்டு, அளவு இல்லை. குப்பை சபையின் சொத்து என்ற பிரிவு ஒருவகையில் வேடிக்கையானது. போத்தலும் பழைய தகரமும் பொறுக்கி விற்றுச் சில ரூபாய் சேர்க்கும் தொழிலாளி சட்டப்படி சபையின் சொத்தை எடுத்தவராகின்றார். ஆற்றங்கரையிற் குவியும் மலையளவு குப்பைக்கு மட்டும் சொத்துக்காரர் எளிதில் அகப்படுவதில்லை.

அளவு வந்தது சுற்றாடல் என்ற வேறொரு வாசலால். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 1990இல் வெளியான வர்த்தமானி, நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீர்க்கு நாடு முழுவதற்குமான எண்களை விதித்தது. உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி லீற்றருக்கு 30 மில்லிகிராம், தொங்கற் திண்மங்கள் 50 மில்லிகிராம் என்பன அவற்றுட் சில. கழிவுநீரிலுள்ள சேதனப் பொருளை நுண்ணுயிர்கள் உண்ணும்போது நீரிலுள்ள ஒட்சிசனைச் செலவிடும்; எவ்வளவு செலவாகும் என்பதை 20 பாகை செல்சியசில் ஐந்து நாள் வைத்து அளப்பதே முற்கூறிய ஒட்சிசன் கேள்வி.

ஏன் ஐந்து நாள்? பிரித்தானியாவில் 1898 முதல் 1915 வரை இயங்கிய கழிவுநீர் அகற்றல் பற்றிய அரச ஆணைக்குழு இந்த அளவை முறையை நிலைநாட்டியது. அந்நாட்டு ஆறுகளின் நீர் ஊற்றிலிருந்து கடலை அடைய ஐந்து நாளுக்கு மேற் செல்லாது. ஆதலின் அதற்கு அப்பால் அளந்து பயனில்லை என்று இதற்கு விளக்கங் கூறுவர். அவ்வாணைக்குழு 1912இல் வெளியிட்ட எட்டாவது அறிக்கை ஒட்சிசன் கேள்வி 20, தொங்கற் திண்மம் 30 என்னும் எண்களைப் பரிந்துரைத்தது. அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது: கலக்கும் கழிவுநீரைப்போல் குறைந்தது எட்டு மடங்கு தூய நீர் ஆற்றில் ஓடுதல் வேண்டும். அந்த எட்டு மடங்கு என்னும் நிபந்தனை நமது வர்த்தமானியின் அடிக்குறிப்பிலும் அப்படியே காணப்படுகின்றது. எண்களும் நாடு விட்டு நாடு குடிபெயர்கின்றன; தாம் பிறந்த ஆற்றின் நினைவையும் உடன் கொண்டுவருகின்றன.

இக்குடிபெயர்வில் தவறு காண்பது எமது நோக்கமன்று. 2008இல் திருத்தப்பட்ட அட்டவணை, 20 பாகையில் ஐந்து நாள் என்பதற்கு மாற்றாக 30 பாகையில் மூன்று நாள் என்ற அளவையையும் ஏற்றுக்கொண்டது. வெப்ப நாட்டு நீரில் அழுகல் விரைந்து நிகழும் என்ற உண்மையை நியமம் அங்கீகரித்த இடம் இது. கடன் வாங்கிய ஆடையை உடலுக்கேற்பத் தைத்துக்கொள்வதை ஒத்தது எனலாம். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மழையற்ற மாதங்களில் மெத எலவில் ஓடுவதிற் பெரும்பகுதி வீடுகளினதும் உணவகங்களினதும் கழிவுநீரே. எட்டுப் பங்கு தூய நீருக்கு அங்கே எங்கு போவது? மேலும், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் குறித்துரைக்கப்பட்ட தொழில்களுக்கே உரியது. ஓர் ஆலை தன் கழிவுநீரை அளந்து காட்டவேண்டும்; ஆயிரக்கணக்கான வீடுகளின் கான்கள் ஒன்றுசேர்ந்து ஓர் ஆலையினும் மிக்க அழுக்கைச் சொரிந்தாலும் அளந்து காட்டுவதற்கு எவரும் கடப்பாடுடையரல்லர். வீட்டு மலக்குழித் தொட்டிகளின் அமைப்புக்கு 1986இலேயே இலங்கை நியமம் ஒன்று வகுக்கப்பட்டிருந்தது. ஆயின் கண்டியின் செங்குத்தான சரிவிலே, சில பேர்ச் நிலத்திலே, தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் ஊறிச்செல்லப் போதிய மண் கிடையாது; அது கீழ்வீட்டுக்காரரின் சுவரில் ஈரமாய்க் கசியும். 1999இல் கண்டி ஏரியின் மேற்பரப்பைப் பச்சைப் பாசி மூடியபோது நகரத்தார் திடுக்குற்றனர். பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே, 1988இல், இந்நகரம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டிருந்தது. மாளிகையின் எதிரிலுள்ள நீர் நிறம் மாறியது அனைவர் கண்ணிலும் பட்டது. வாய்க்காலின் நீர் என்றோ நிறம் மாறியிருந்தது.

திண்மக் கழிவின் கதை கொகாகொடையில் முடிகின்றது. கட்டுகஸ்தோட்டைக்கு அணித்தாக, மகாவலிக் கரையோரத்தில் உள்ள இவ்விடத்திலேயே பல தசாப்தங்களாகக் கண்டியின் குப்பை கொட்டப்பட்டுவந்தது. இலங்கை நகரக் குப்பையில் அரைவாசிக்கு மேற்பட்டது உக்கக்கூடிய பொருள். அது மழையில் நனைந்து அழுகும்போது வடியும் கரிய நீர் ஆற்றை நோக்கி இறங்கும். அதற்குக் கீழே ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கப்படுகின்றது. இந்நகரம் தன் தலைமாட்டில் தூனுமடலாவக் காட்டை நீரேந்து நிலமாகப் பேணி, மனிதர் புகாவண்ணம் காத்துவந்தது. கால்மாட்டில் ஆற்றை அவ்வாறு காக்கவில்லை. காடு மாநகர சபைக்கு உரியது. ஆறு எவருக்கும் உரியதன்று.

ஆறு எங்கே செல்கின்றது என்பதும் எண்ணத்தக்கது. 1976இல் பொல்கொல்லையில் அணைக்கட்டு இயங்கத் தொடங்கியபின் மகாவலியின் நீரில் ஒரு பகுதி ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடே உக்குவளைக்குத் திருப்பப்பட்டு, வடமத்திய மாகாணத்தின் பழைய குளங்களைச் சென்றடைகின்றது. கெட்டம்பேயும் கொகாகொடையும் பொல்கொல்லைக்கு மேலே உள்ளன. ஆகவே கண்டி வீதியொன்றில் வீசப்படும் ஒன்று கலாவாவிக் கரை உழவனுக்கும் சேரக்கூடும். கண்டியைச் சுற்றி யட்டிநுவர, ஹாரிஸ்பத்துவ, கங்கவட்ட கோறளை, பாத்ததும்பர, குண்டசாலை எனப் பிரதேச சபைகளும், மேலே கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய நகர சபைகளும் உள்ளன. இவை யாவும் தத்தம் எல்லைக்குள் தத்தம் குப்பைக்குப் பொறுப்பானவை. ஆற்றோரத்தில் ஓரங்குல நிலத்தையும் எல்லை தாண்டிக் கேட்க இயலாத சபை குப்பையை ஆற்றோரத்திலேயே வைத்துக்கொள்கின்றது. 2017 ஏப்ரில் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபின், குப்பை ஒரு சபையின் உள்விவகாரம் என்ற எண்ணம் நாடெங்கும் தளர்ந்தது. அதற்கு முன்னரே 2007இல் தேசியக் கொள்கையும், குறித்த இடத்திலன்றிக் குப்பை கொட்டுவதைத் தடைசெய்யும் 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் வந்திருந்தன. ஒழுங்குவிதி செய்யாததை ஒரு சரிவு செய்தது.

கழிவுநீரைப் பொறுத்தவரை, 2010இல் யப்பானிய அரசின் கடனுதவியோடு கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டத்துக்கான ஒப்பந்தம் கைச்சாத்தாகி, நகர மையத்தில் குழாய்கள் புதைக்கப்பட்டு, கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. சட்விக்கின் அறிக்கையிலிருந்து எண்ணினால் 168 ஆண்டுகள். கண்டி மாநகர சபைச் சட்டத்திலிருந்து எண்ணினால் 145 ஆண்டுகள். பேராதனையில் இருந்துகொண்டு இவ்விடயத்தை எழுதுவோர்க்கும் வாசிப்போர்க்கும் ஒன்று நினைவூட்டத்தக்கது: நமது வளாகம் கெட்டம்பேக்கு மேலே, இதே ஆற்றின் இரு கரையிலும் அமைந்துள்ளது. நமது விடுதிகளின் நீரும் எங்கோ செல்கின்றது.

இத்தனை நியமங்களிலும் இல்லாதது ஒன்று. நீருக்கு அளவுண்டு, தொட்டிக்கு அளவுண்டு, நகரக் குப்பையிலிருந்து செய்யப்படும் பசளைக்கும் இலங்கை நியமம் உண்டு. ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் கானுக்குள் நிற்கலாம், எத்தகைய கையுறையும் காலணியும் இன்றி அவரை இறக்கலாகாது, கைவண்டியில் எத்தனை எடை ஏற்றலாம், வெட்டுக்காயம் பட்டால் எத்தனை நாளைக்குள் தடுப்பூசி போடவேண்டும் என்பன மேற்கூறிய கழிவகற்றற் சட்டங்களில் ஒன்றிலேனும் இடம்பெறவில்லை. இந்தியாவில் கையால் மலம் அள்ளுவிப்பதைத் தடைசெய்து 1993இலும், விரிந்த முறையில் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை சரிவர நடைமுறைப்படுத்தப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் துப்புரவு நியமம் என்பது பொருளைப் பற்றியது மட்டுமன்று, அதனைத் தொடும் கையைப் பற்றியதும் ஆகும் என்ற கருத்து அங்கே சட்டநூலில் ஏறிவிட்டது. கண்டியிலோ எசல பெரகராவின் இறுதி இரவு முடிந்து கூட்டம் கலைந்த வீதிகளை விடியுமுன் கூட்டி முடிக்கும் திறமை ஆண்டுதோறும் பாராட்டப்படுகின்றது. அந்தத் திறமைக்கு ஒரு பெயரும் இல்லை, அளவும் இல்லை.

மகாவலியின் மேல் வடிநிலம் முழுவதற்கும் ஒரே துப்புரவு அதிகாரம் வேண்டும் என்ற கருத்து இன்று பொறியியலாளரிடையே ஏற்புடையதாகி வருகின்றது. அது உருவாகுமாயின் அதன் அட்டவணையின் முதற் பத்தியில் நீரின் எண்களோடு தொழிலாளியின் எண்களும் இடம்பெறுதல் வேண்டும் என வாதிடுவதற்கு வரலாற்று மாணவனிடம் போதிய சான்றுண்டு. ஏனெனில் 1865 முதல் இற்றைவரை, எங்கெல்லாம் நியமம் குறைந்ததோ அங்கெல்லாம் அக்குறையை நிரப்பியது மலிவாகக் கிடைத்த ஒரு மனித உடல். குழாய் புதைக்கும் செலவையும், குழிக்கு வேண்டிய நிலத்தையும், எல்லை தாண்டிப் பேசவேண்டிய சிரமத்தையும் அவ்வுடல் மிச்சப்படுத்தித் தந்தது. அவ்வாறு மிச்சமான பணம் எந்தக் கணக்கேட்டிலும் வரவு வைக்கப்படவில்லை.

அண்மைக் காலத்தில் இலங்கையின் நகர்ப்புறச் சாதிநிலைபற்றி ஆராய்ந்த சமூகவியலாளர் மஹியாவ இளைஞரிடையே ஒரு வழக்கத்தைப் பதிவுசெய்துள்ளனர். பாடசாலைக் கல்வியை முடித்து வேறு தொழில் தேடும் அவ்விளைஞர் சிலர் விண்ணப்பப் படிவத்தில் தம் முகவரியை எழுத நேருமிடத்து, மஹியாவ என்று எழுதாமல் உறவினரின் அல்லது நண்பரின் வேறொரு முகவரியை எழுதுகின்றனர்.